ஊர் என்ற கட்டம்

மட்டக்களப்பு
20.06.2009

அன்புள்ள மச்சாளுக்கு,

உறையின் பின்புறம் என் பெயரைக் கண்டதும் நீங்கள் இதைத் திறக்காமல் வைத்துவிடக்கூடும். பெயர் எழுதாமல் அனுப்பலாமா என்றுகூட யோசித்தேன். அது களவு போலத் தோன்றியது. எழுதிவிட்டேன்.

வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் என் படிப்பு முடிந்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று அம்மா குருக்கள்மடம் முழுக்கச் சொல்லித் திரிகிறார். நான் வாசலுக்கு வராமல் உள்ளே இருக்கிறேன். போன மாதக் கடைசியில் டவுனில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. வன்னியிலிருந்து வந்தவர்களை வைத்திருக்கும் முகாம்களிலிருந்தும் வைத்தியசாலைகளிலிருந்தும் கையால் எழுதிய பெயர்ப் பட்டியல்கள் இங்கே வருகின்றன. நாலு பேர் இருந்து அவற்றைக் கணினியில் ஏற்றுகிறோம். அதற்குள் தேடுவதற்கு ஒரு பக்கம் எழுதும் பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள். கணினி படித்தவள் இங்கே நான் ஒருத்திதான்.

அண்ணன் முல்லைத்தீவுக்குச் சுனாமி வீடு கட்டும் மேசன் வேலைக்குப் போய் மூன்று வருடமும் இரண்டு மாதமும். அவர் போய் நாலு மாதத்தில் பாதை பூட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். இப்போது பாதையின் அந்தப் பக்கத்தில் எஞ்சியவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு பட்டியலில் இருக்க வேண்டும். அண்ணனும் இருக்க வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் செய்வதை உங்களுக்குச் சொல்லப் பார்க்கிறேன். ஒவ்வொரு ஆளும் ஓர் உறை என்று வைத்துக்கொள்ளுங்கள். கணினியில் அதை ஒப்ஜெக்ட் என்போம். உறைக்குள் பெயர், தகப்பன் பெயர், ஊர், வயது, இருக்குமிடம், குறிப்பு என்று ஆறு துண்டுகள். உறைகளை வரிசையாக அடுக்கினால் அது அரே. ஜாவாஸ்கிரிப்ட் என்ற மொழியில் நான் எழுதியிருக்கும் சிறு துண்டு, முதலாவது உறையிலிருந்து கடைசி உறைவரை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும். முழுப் பெயர் தேவையில்லை. பட்டியல்களில் பெயர்கள் அரைகுறையாகத்தான் வருகின்றன. ஒருவர் முதலெழுத்தோடு எழுதுகிறார், இன்னொருவர் தகப்பன் பெயரையும் சேர்த்து ஒரே மூச்சில் எழுதுகிறார், தாள் மடிந்த இடத்தில் மை போய்விடுகிறது. அதனால் பெயரின் ஒரு துண்டைக் கொடுத்தாலே போதும் என்று செய்திருக்கிறேன். "ஜெயந்" என்று கொடுத்தால் அந்த எழுத்துகள் எந்த இடத்தில் இருந்தாலும் அந்த உறை வெளியே வரும்.

ஆனால் பெயரை மட்டும் கொடுத்தால் அள்ளிக்கொண்டு வருகிறது. "ராசா" என்று போட்டால் நானூறு பேர். இங்கே வருபவர்கள் பெரும்பாலும் தாய்மார். நானூறு பெயரை நான் வாசிக்க வாசிக்க, ஒவ்வொரு பெயருக்கும் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு நிற்கிறார்கள். பார்க்க முடியவில்லை. அதனால் ஊர் என்று இன்னொரு கட்டம் வைத்தேன். பெயரும் பொருந்த வேண்டும், ஊரும் பொருந்த வேண்டும். இரண்டையும் நிரப்பாவிட்டால் தேடாது. இப்போது நானூறு, இரண்டாகவோ மூன்றாகவோ குறைந்துவிடுகிறது.

அண்ணனைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் எழுதுங்கள். அங்கே என்ன பெயரால் கூப்பிட்டார்கள், உடம்பில் அடையாளம், கடைசியாக எங்கே இருந்தார். உங்களிடம் கேட்க எனக்கு உரிமை இல்லை என்று தெரியும். மற்றதைப் பற்றி எழுத முயன்றேன். மூன்று தாள் கிழித்தேன்.

விதுஷாவுக்கு என் அன்பு.

கம்சாயினி


கரடியனாறு
29.06.2009

கம்சாயினிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. திறந்தேன்.

மூன்று தாள் கிழித்த விஷயத்தை நான் ஒரே தாளில் எழுதுகிறேன். 2007 மூன்றாம் மாதம் ஷெல் விழுந்து படுவான்கரை முழுவதும் ஓடியபோது, ஆறு மாதக் குழந்தையோடு தோணியில் ஆற்றைக் கடந்து உங்கள் வீட்டுக்கு வந்தேன். உங்கள் அம்மா வாசலில் நின்று, "இது சுனாமிக்குத் தந்த தகரக் கொட்டில் புள்ள, எங்களுக்கே கால் நீட்ட இடமில்ல. உங்கட ஆக்கள் எல்லாம் ஸ்கூலுக்குத்தானே போறாங்க" என்றார். உங்கட ஆக்கள் என்றார். அவருடைய மகனின் பிள்ளை என் தோளில் கிடந்தது. நீங்கள் கதவுக்குப் பின்னால் நின்றீர்கள். உங்கள் கால் தெரிந்தது. ஒரு சொல் வரவில்லை. நான் அகதிகளை வைத்திருந்த பள்ளிக்கூடத்துக்குப் போனேன். நாலு மாதம் அங்கே இருந்தேன்.

அவர் என்னைக் கட்டிக்கொண்டு இங்கே வந்த நாளிலிருந்தே உங்கள் அம்மாவுக்கு அவர் காணாமல்போனவர்தான். ஆண்பிள்ளை கலியாணம் முடித்தால் பெண் வீட்டுக்குப் போவது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் உள்ளது. உங்கள் அப்பாவும் அப்படித்தான் வந்தவர். ஆனால் கடற்கரைப் பக்கத்து எழுவான்கரை மேசன் ஆற்றைத் தாண்டிப் படுவான்கரைக் காட்டுக்குள் போனது மட்டும் உங்களுக்குக் குறைச்சல்.

இதைச் சொல்லாமல் மற்றதை எழுத முடியாது. இப்போது எழுதுகிறேன்.

அங்கேயும் ஜெயந்தன் என்றுதான் பெயர். மேசன் ஜெயந்தன் என்பார்களாம். இடது கையில் சின்னவிரல் பாதி இல்லை, உங்களுக்கே தெரியும். கடைசிக் கடிதம் போன வருடம் ஒன்பதாம் மாதம் வந்தது. பெண்பிள்ளை என்று நான் எழுதிய கடிதம் அவருக்குக் கிடைத்திருக்கிறது. விதுஷா என்ற பெயரை அதில் ஐந்து இடத்தில் எழுதியிருந்தார். எழுதிப் பார்க்க ஆசையாக இருந்திருக்கும். இந்த வருடம் மூன்றாம் மாதம், காயக்காரரோடு கப்பலில் வந்த ஒருவர் அவரை உயிரோடு கண்டதாகச் சொன்னார். அவ்வளவுதான்.

நான் எட்டாம் வகுப்பு. உறை, அரே எல்லாம் எனக்கு விளங்காது. இருக்கிறாரா இல்லையா என்று மட்டும் சொல்லுங்கள்.

யசோதினி


மட்டக்களப்பு
15.07.2009

அன்புள்ள மச்சாளுக்கு,

நீங்கள் எழுதியதில் ஒரு சொல்லையும் மறுக்க மாட்டேன். கதவுக்குப் பின்னால் நின்றது நான்தான். எனக்கு வாய் வருவதில்லை. அது சமாதானம் அல்ல என்று தெரியும்.

உங்கள் கடிதம் வந்த அன்றே தேடினேன். பெயருக்கு "ஜெயந்", ஊருக்கு "குருக்கள்மடம்". ஒன்றும் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. பிறகு என் வேலையிலேயே ஒரு பிழையைக் கண்டுபிடித்தேன். அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

தேடும் சொல் ஒரு பெயருக்குள் எந்த இடத்தில் இருக்கிறது என்று கணினி ஓர் எண்ணால் சொல்லும். இரண்டாவது எழுத்தில் தொடங்கினால் ஒன்று, மூன்றாவதில் இரண்டு. முதலாவது எழுத்திலேயே தொடங்கினால் பூச்சியம். இல்லவே இல்லை என்றால் கழித்தல் ஒன்று. நான் பூச்சியத்தை "இல்லை" என்று எடுத்துக்கொண்டேன். பெயர் நேராக அந்த எழுத்திலேயே தொடங்கும் ஆட்களை எல்லாம் என் பக்கம் இல்லை என்று சொல்லியிருக்கிறது. மூன்று வாரம்! "முருக" என்று கேட்ட தாய்க்கு முருகேசு இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

இங்கே தேநீரும் போடுகிற, வாகனமும் ஓட்டுகிற முத்தலிப் நானா என்று ஒருவர் இருக்கிறார். நான் மேசையில் தலையைக் கவிழ்த்திருந்ததைக் கண்டு வந்தார்.

"என்ன தங்கச்சி, கொம்பியூட்டர் கடிச்சுப் போட்டா?"

சொன்னேன். தலையைச் சொறிந்தார்.

"அப்ப வந்து போன ஆக்கள் எல்லாரையும் மறுகா கூப்பிடணும். கொப்பிய எடுங்க. நான் வேனை எடுக்கிறன்."

வருகிறவர்களின் பெயரையும் முகவரியையும் ஒரு கொப்பியில் எழுதுவது வழக்கம். அதைப் பார்த்துப் பார்த்து மூன்று நாள் வாகனத்தில் போனோம். நான் வாகனத்துக்குள்ளேயே இருந்தேன். அவர்தான் இறங்கிப் போய்ப் படலையில் நின்று கூப்பிட்டார். ஒன்பது பேருக்கு ஆள் கிடைத்தது. ஒன்பது பேர், மச்சாள். முருகேசுவின் தாய் என் கையைப் பிடித்து முத்தமிட்டார். அந்தக் கை செய்த பிழை அவருக்குத் தெரியாது.

இப்போது அது திருத்தியாகிவிட்டது. அறியாதவர் கையில் கொடுத்து ஐம்பது பெயர் போட்டுச் சோதித்துவிட்டேன். சரியாக வேலை செய்கிறது. திருத்திய பிறகு முதலில் தேடியது அண்ணனை. "ஜெயந்", "குருக்கள்மடம்". இல்லை.

இன்னும் பட்டியல்கள் வந்துகொண்டிருக்கின்றன. பன்னிரண்டாயிரம் பேர் ஏறியிருக்கிறார்கள். வராதவர்கள் இன்னும் எவ்வளவோ. நம்பிக்கையை விட வேண்டாம்.

செங்கலடியிலிருந்து இராசாத்தி என்று ஓர் அம்மா தினமும் காலை பஸ்ஸில் வருகிறார். மகனைத் தேடுகிறார். இல்லை என்றால் கோபிக்க மாட்டார். "நாளைக்கு ஏத்துவீங்கதானே புள்ள" என்று கேட்டுவிட்டு, மதியம்வரை வாசலில் போட்ட வாங்கில் உட்கார்ந்து அடுத்தவர்களுக்கு வரும் பதிலைக் கேட்டுக்கொண்டிருப்பார். யாருக்காவது ஆள் கிடைத்தால் அவர்தான் முதலில் அழுவார்.

கம்சாயினி


கரடியனாறு
02.08.2009

கம்சாயினிக்கு,

முகாமிலிருந்து விட்ட ஒருவர் இங்கே வந்திருக்கிறார். வினாயகமூர்த்தி. பக்கத்து ஊர். அவரும் அங்கே வேலைக்குப் போய் அகப்பட்டவர். ஐந்தாம் மாதம், கடைசி நாட்களில், கடலேரியைக் கடக்கிற இடத்தில் உங்கள் அண்ணனைக் கண்டாராம். இரத்தத்தில் கிடந்தாராம். தொட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"தொடல்ல தங்கச்சி. சனம் தள்ளிக்கொண்டு போகுது. ஒராள் விழுந்தா அடுத்தாள் மேல ஏறித்தான் போகணும். நான் பேரச் சொல்லிக் கூப்பிட்டன். அசையல்ல."

பிறகு அவர் அழுதார். நான் அழவில்லை. அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரே பேச்சு. அப்பாவை உங்களுக்குத் தெரியும். கோணாமலை என்றால் ஒரு முறை சொன்னதை மாற்றாத மனுசன் என்று ஊரே சொல்லும். வயல் வட்டையில் இருந்து வந்து கால் கழுவ முன்னமே தொடங்கிவிடுகிறார்.

"செத்தவனுக்குச் செய்யாம விட்டா அவன் அலைவான் மகள். சுனாமியில போன ஆக்களுக்குப் பிரேதம் இல்லாமலே செய்தாங்கதானே. முப்பத்தொண்டாம் நாளும் எப்பவோ கழிஞ்சுட்டு."

"அவர் செத்தது எண்டு ஆரப்பா சொன்னது?"

"இருக்கிறான் எண்டு ஆரு சொன்னது?"

இதற்குப் பதில் உங்களிடம் இருக்கிறது. ஐயரிடம் நாள் கேட்டு வைத்திருக்கிறார்கள். ஓகஸ்ட் இருபத்திரண்டு. நான் இன்னும் ஓம் சொல்லவில்லை. பொட்டு வைத்துக்கொண்டிருக்கிறேன். வைக்கும்போது பொய் செய்கிற மாதிரி இருக்கிறது. வைக்காவிட்டால் அவரை நானே முடித்துவிட்ட மாதிரி இருக்கிறது.

எனக்கு அப்பாவின் சொல்லும் வேண்டாம், வினாயகமூர்த்தியின் சொல்லும் வேண்டாம். உங்கள் சொல்லுக்காக இருக்கிறேன். நீங்கள் படித்தவர். உங்களுடைய பெட்டி தொட்டுப் பார்க்காமல் சொல்லாது என்று நினைக்கிறேன். எல்லா உறையையும் திறந்து பார்த்து, இருக்கிறார் என்றால் இருக்கிறார் என்று எழுதுங்கள். இல்லை என்றால் இல்லை என்று எழுதுங்கள். இன்னும் பார்ப்போம் என்று மட்டும் எழுத வேண்டாம்.

யசோதினி


மட்டக்களப்பு
09.08.2009

அன்புள்ள மச்சாளுக்கு,

வைத்தியசாலைப் பட்டியல்கள் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. முகாம்களிலும் ஒன்றிரண்டுதான் மிச்சம். இருபத்தோராயிரம் பேருக்கு மேல் ஏறியாயிற்று.

"ஜெயந்" என்று போட்டேன். "ஜெய" என்று போட்டேன். "மேசன்" என்றுகூடப் பெயர்க் கட்டத்தில் போட்டேன். ஊருக்குக் குருக்கள்மடம், பிறகு "குருக்கள்" மட்டும், பிறகு மட்டக்களப்பு, பிறகு அவர் வேலைக்குப் போன முல்லைத்தீவு. ஒவ்வொன்றையும் மாற்றி மாற்றி, மூன்று நாளும் அதைத்தான் செய்தேன். முன்பு விட்ட பிழை இப்போது இல்லை. அதை உறுதியாகச் சொல்ல முடியும்.

இல்லை, மச்சாள்.

அம்மா நம்ப மறுக்கிறார். "என்ட மகன் சாகல்ல" என்று மட்டும் சொல்கிறார். உங்களிடம் அப்படிச் சொல்ல எனக்குத் துணிவில்லை. பட்டியலில் இல்லை என்பதுதான் எனக்குத் தெரிந்தது. நீங்கள் கேட்டபடி எழுதிவிட்டேன். எழுதிய பிறகு பேனையை மூட முடியாமல் இருந்தேன்.

கம்சாயினி


கரடியனாறு
24.08.2009

கம்சாயினிக்கு,

சனிக்கிழமை செய்து முடித்தோம். ஐயர் தர்ப்பையில் ஓர் உருவம் கட்டினார். அதற்கு உங்கள் அண்ணன் உடுத்த சாரத்தைச் சுற்றினார்கள். விதுஷாவின் கையைப் பிடித்து அப்பா தீ வைத்தார். ஆண்பிள்ளை இல்லாததால் அப்படி. அவள் பொம்மை எரிகிறது என்று சிரித்தாள்.

தாலியை நானே கழற்றினேன். பெரியம்மா கழற்ற வந்தார். வேண்டாம் என்றேன். அவர் கட்டியது, மற்றவர் கை வேண்டாம்.

உங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. உங்கள் அம்மா வராதது விளங்குகிறது. நீங்கள் வருவீர்கள் என்று நினைத்து ஒரு பாய் ஒதுக்கி வைத்திருந்தேன். ஏன் நினைத்தேன் என்று தெரியவில்லை.

இனி எழுத ஒன்றும் இல்லை.

யசோதினி


மட்டக்களப்பு
13.10.2009

மச்சாள்,

இதைக் கரடியனாறு பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புகிறேன். தபாலுக்கு நாலு நாள் எடுக்கும். எந்த இடத்திலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. நடந்தபடியே எழுதுகிறேன்.

இன்று காலை இராசாத்தி அம்மா வந்தார். வழமை போல மகன் பெயரைப் போட்டேன், செங்கலடி என்று போட்டேன், இல்லை என்றேன். எழும்பிப் போகாமல் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து திரையைப் பார்த்தார். வாசிக்கத் தெரியாதவர்.

"இந்த ரெண்டாவது கட்டத்தில என்னகா போடுற?"

"ஊர், அம்மா. செங்கலடி."

"அவன் எப்பவோ கலியாணம் முடிச்சு வாகரைக்குப் போயிட்டானே புள்ள. கேட்டா பொண்டாட்டிர ஊரைத்தானே சொல்லுவான். என்ட ஊரை ஏன் சொல்லப் போறான்?"

வாகரை என்று மாற்றினேன். வந்தது. பெயர், தகப்பன் பெயர், வயது எல்லாம் சரி. செட்டிகுளத்தில் ஒரு முகாமில் இருக்கிறார். இராசாத்தி அம்மா கத்தியதில் முத்தலிப் நானா வெளியிலிருந்து ஓடிவந்தார். எல்லோரும் அவரைச் சுற்றி நின்றார்கள். நான் நாற்காலியை விட்டு எழும்பவில்லை. என் கை போய் "ஜெயந்" என்று அடித்தது. ஊருக்கு "கரடி" என்று மூன்று எழுத்து அடித்தேன்.

ஒரே ஓர் உறை வந்தது.

த. ஜெயந்தன். தகப்பன் தங்கராசா. ஊர் கரடியனாறு. வயது முப்பத்திரண்டு. இடம்: ஒரு வைத்தியசாலை, எட்டாம் வார்ட். குறிப்பு: "இடது சின்னவிரல் பாதி இல்லை. தொடையில் காயம். மனைவி யசோதினி, கரடியனாறு. தெரிவிக்க வேண்டும்." பட்டியலில் இருந்த திகதி ஜூன் பதினாலு. எங்கள் கணினியில் ஏறிய திகதி ஜூலை இருபத்தொன்று. பக்கத்து மேசைச் சர்மிலா ஏற்றியது. நான் உங்களுக்கு இல்லை என்று எழுதிய அன்று அது என் பெட்டிக்குள் இருந்தது.

நான் இரண்டும் பொருந்த வேண்டும் என்று எழுதியிருந்தேன். ஒன்று பொருந்தினால் போதும் என்று எழுதியிருந்தால் ஜூலையிலேயே வந்திருப்பார். குறிப்பையும் சேர்த்துத் தேட விட்டிருந்தால் உங்கள் பெயரைப் போட்டே கண்டிருக்கலாம். இப்போது ஆறு துண்டுகளையும் ஒன்றாக இணைத்து, அதற்குள் எங்கே பொருந்தினாலும் காட்டும்படி மாற்றிவிட்டேன். பத்து நிமிட வேலை. "யசோ" என்று அடித்துப் பார்த்தேன். வந்தார்.

ஊர் ஊராகப் போட்டுப் பார்த்தேனே, கரடியனாறு என்று ஏன் ஒரு முறைகூடப் போடவில்லை என்று காலையிலிருந்து என்னையே கேட்கிறேன். இந்த மண்ணில் பிறந்த எவருக்கும் தெரிந்தது, கலியாணம் முடித்த ஆணின் ஊர் எது என்பது. எனக்கும் தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் அண்ணனை ஒருவரும் கரடியனாற்றான் என்று சொன்னதில்லை. அம்மா சொன்னதில்லை. நானும் மனதுக்குள்கூடச் சொன்னதில்லை.

இப்போது அவர் எப்படி இருக்கிறார் என்று தெரியாது. அந்தத் திகதிக்குப் பிறகு அந்த வார்டிலிருந்து பட்டியல் வரவில்லை. தொலைபேசி எடுத்தோம். பெயரை வைத்துச் சொல்ல முடியாது, ஆள் வர வேண்டும் என்றார்கள். வியாழக்கிழமை முத்தலிப் நானா வாகனம் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். நான் அதில் வருகிறேன். உங்களையும் விதுஷாவையும் ஏற்றிக்கொண்டு போகலாம். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. முதலில் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

கம்சாயினி


கரடியனாறு
27.10.2009

கம்சா,

வியாழக்கிழமைவரை நான் இருக்கவில்லை. கண்டக்டர் கடிதம் தந்த அடுத்த பஸ்ஸில் ஏறினேன். விதுஷாவுக்கு ஒரு சட்டையும் ஒரு போத்தல் தண்ணீரும். மூன்று பஸ் மாறிப் போய்ச் சேர விடிந்துவிட்டது. பொட்டு வைத்துக்கொண்டு போனேன். பஸ்ஸில் தெரிந்தவர்கள் இருந்தார்கள். பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தேன்.

அவர் செப்டெம்பர் இரண்டாம் திகதி இறந்திருக்கிறார். காயம் அழுகி, காய்ச்சல். அங்கேயே புதைத்துவிட்டார்கள். இடத்தைக் காட்டினார்கள். இலக்கம் எழுதிய ஒரு பலகை. விதுஷா அதைத் தொட்டுப் பார்த்தாள்.

நான் அவருக்குத் தீ வைத்தது ஓகஸ்ட் இருபத்திரண்டு. அன்றைக்கு அவர் கட்டிலில் எழும்பி இருந்திருக்கிறார். கஞ்சி குடித்திருக்கிறார். அந்த வார்டில் வேலை செய்கிற அம்மா சொன்னார். பதினொரு நாள், கம்சா. நீ ஜூலையில் கண்டிருந்தால் ஒரு மாதத்துக்கும் மேலே. மகளைக் காட்டியிருப்பேன். காய்ச்சலை என்னால் நிறுத்தியிருக்க முடியாது. அவள் முகத்தைக் காட்டியிருப்பேன்.

பிழை உன்னுடையது மட்டும் என்று எழுத முடியவில்லை. ஊர் என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறேன் என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தாய். குருக்கள்மடம் என்று போட்டதாகப் பிறகு எழுதியதையும் வாசித்தேன், கரடியனாறு என்றும் போட்டிருப்பாய் என்று நினைத்தேன். போடாமல் விடுவாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அவரோடு அடுத்த கட்டிலில் கிடந்தவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். அசனார் என்று பெயர், மூதூர் ஆள், காலை எடுத்துவிட்டார்கள். என்னைக் கண்டதும், "நீங்கதானே கரடியனாறு?" என்றார். பெயர் கேட்கவில்லை. விதுஷாவைப் பக்கத்தில் இருத்தி அவளுக்கு ஒரு தோடம்பழம் கொடுத்தார். அவர் சொன்ன ஒன்றை உனக்கு எழுதாமல் விடலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதாவிட்டால் உன்னைத் தண்டிக்கிறேனா, எழுதினால் தண்டிக்கிறேனா என்று தெரியவில்லை. அது உனக்குரியது. எழுதுகிறேன்.

பட்டியல் எழுதிக்கொண்டு போன அன்று எல்லோரும் ஏசினார்களாம், இதெல்லாம் போய்ச் சேராது, எங்கேயோ கொண்டுபோய் எரிப்பாங்கள் என்று. அவர் மட்டும் ஏசவில்லையாம்.

"என்ட தங்கச்சி கொம்பியூட்டர் படிச்சவள். மட்டக்களப்புக்குப் போனாச் சரி. பேரில பாதியக் கண்டாலே அவள் புடிச்சிருவாள்" என்று சொன்னாராம். காய்ச்சல் கூடின பிறகும், ஆள் வருவாங்க, பட்டியல் போயிட்டு என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

வியாழக்கிழமை நீயும் முத்தலிப் நானாவும் வந்ததாக அப்பா சொன்னார். நீ வாகனத்தை விட்டு இறங்கி வந்து, அப்பாவின் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் உன் வாயாலேயே சொன்னாயாம். அப்பா உன்னை ஏசவில்லை என்றார். ஏசியிருந்தால் உனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

திவசத்தை எந்த நாளில் வைப்பது என்று ஐயரால் சொல்ல முடியவில்லை. உயிரோடு இருந்தவருக்குக் கிரியை செய்தால் மறுபடி செய்ய வேண்டும் என்கிறார். உருவம் கட்ட வேண்டும், எரிக்க வேண்டும், நான் மறுபடி தாலியைக் கட்டிக்கொண்டு இருந்து கழற்ற வேண்டும். மாட்டேன் என்றுவிட்டேன். ஒருவரை இரண்டு முறை முடிக்க என்னால் ஆகாது.

நான் அந்த வார்டில் இருந்த மற்றக் கட்டில்களுக்கும் போனேன். எங்கள் பக்கத்தவர்கள் ஏழு பேர் கிடக்கிறார்கள். ஒருவர் பெயரும் வெளியே தெரியாது. ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டேன், பிறந்த ஊர் கேட்டேன், கலியாணம் கட்டிய ஊர் கேட்டேன், மனைவி பெயர் கேட்டேன், இப்போது வீட்டில் யார் இருப்பார்கள் என்று கேட்டேன். என் எழுத்து வடிவில்லை, ஆனால் விளங்கும். தாளை இதோடு வைத்திருக்கிறேன். இரண்டு பேருக்குக் காய்ச்சல் இருக்கிறது. அவர்களை மேலே எழுதியிருக்கிறேன்.

இதைக் கணினியில் ஏற்றிவிட்டு யாராவது வந்து தேடும்வரை இருக்காதே. யாருக்கும் கடிதம் எழுதாதே. இன்றைக்கே முத்தலிப் நானாவைக் கூட்டிக்கொண்டு போ. மேலே இருக்கிற இரண்டு வீட்டுக்கும் முதலில் போ.

யசோதினி